எட்டடிக் குடையில ஆகாசவாணி

(பாளையங்கோட்டை, ஜூலை 1, காலை பதினோரு மணி. முன்னாள் கேபிள் டிவி அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடி. மூலையில் அவருடைய பழைய எட்டடி டிஷ் ஆன்டெனா, ஊர்ப்பேச்சில் ‘குடை’. சுடலை வட்ட அட்டையோடு வருகிறான்.)

அண்ணாச்சி: என்னல கையில, ஜாதகச் சக்கரமா?

சுடலை: நட்சத்திரச் சக்கரம் அண்ணாச்சி. அடித்தட்டு விளிம்புல தேதி, மேத்தட்டுல மணி. ரெண்டையும் நேர வச்சா சன்னலுக்குள்ள தெரியுததுதான் இப்ப உள்ள வானம்.

அண்ணாச்சி: வெயில் மண்டையப் பொளக்கு, நட்சத்திரம் பாக்க வந்துட்டான்!

சுடலை: பாக்க இல்ல, கேக்க. வானத்துலருந்து வார ரேடியோ அலைய உங்க குடையில பிடிக்கப் போறோம். ரேடியோ அலைக்குப் பகலும் ஒண்ணுதான், குத்தாலச் சாரல் மேகமும் ஒண்ணுதான். ரேடியோவுல பலமா இரையுத எடத்தயெல்லாம் செவப்பு மையில குறிச்சிருக்கேன் பாருங்க: கேசியோப்பியா ஏ, சிக்னஸ் ஏ, நண்டு நெபுலா, தெக்க தனுசுல பால்வீதி மையம்.

அண்ணாச்சி: நண்டு உச்சியிலல்லா நிக்கி? அதையே பிடிப்போம்.

சுடலை: இப்ப ஆவாது. ஜூன் பாதியில சூரியன் அத ஒட்டித்தான் போச்சு, இன்னும் ரொம்ப வெலகல. தேதிக்கு நேர பகல் 12 வச்சு, வடக்கு-தெக்கு நடுக்கோடும் சூரியன் பாதையும் வெட்டுத இடத்தப் பாருங்க. சூரியன் அங்கன. அது போடுத இரைச்சல்ல நண்டு எங்க கேக்க? ராத்திரி தனுசப் பிடிப்போம். அது நடுக்கோட்டுக்கு வார நேரம் சக்கரத்துல 11.09ங்குது, நாம 11.28க்குக் கேக்கணும்.

அண்ணாச்சி: நடுவுல 19 நிமிசம் என்ன, ராகுகாலமா?

சுடலை: நம்ம கடியாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது. திருநெல்வேலி 77.7. டிகிரிக்கு நாலு நிமிசம், கணக்குப் போடுங்க. உங்க எட்டடிக் குடைக்கு 1420 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது வானத்து ஹைட்ரஜன் வாயு பேசுத அலைவரிசையில, ஆறு டிகிரிதான் பார்வை. 11.09க்குக் கேட்டுட்டு ‘ஒரு மண்ணும் வரல’ன்னு கீழ எறங்கிட்டா, அது வாரப்ப நீங்க கொறட்டை விட்டுக்கிட்டு இருப்பிய. நாளைக்கு நாலு நிமிசம் முந்தியே வந்துரும்.

அண்ணாச்சி: முந்தி வருதா? நம்மூர்ல எதுவும் முந்தி வந்து நான் பாத்ததில்லியே!

சுடலை: பால்வீதியிலருந்து ரேடியோ இரைச்சல் வருதுன்னு அமெரிக்க இன்ஜினியர் கார்ல் ஜான்ஸ்கி 1933-ல சொன்னதே அத வச்சுத்தான். இரைச்சல் 23 மணி 56 நிமிசத்துக்கு ஒருக்கா திரும்புச்சு. சூரியன்னா 24 மணி ஆவணும்லா?

அண்ணாச்சி: சரி, எம்புட்டு ஒசரம் தூக்கணும்?

சுடலை: தொண்ணூறுல நம்ம அட்சரேகை 8.7 கழிங்க, தனுசு வான நடுரேகைக்குத் தெக்க 29 டிகிரி, அதையும் கழிங்க. தெக்க பாத்து 52 டிகிரி.

அண்ணாச்சி: மருமவன் லண்டன்லருந்து ஒரு சக்கரம் கொண்டாந்தான், பளபளன்னு இருக்கும்.

சுடலை: அத சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. அது லண்டன் அட்சரேகைக்குப் போட்டது, அதுல தனுசு பத்து டிகிரி கூட ஏறாது. நமக்கு ரெண்டு பக்கச் சக்கரம் வேணும், வடக்குக்கு ஒண்ணு, தெக்குக்கு ஒண்ணு. ஒரே பக்கத்துல போட்டா தெக்க உள்ளதெல்லாம் இழுபட்டுச் சப்பட்டையாயிரும்.

அண்ணாச்சி: குடை முன்னால சிக்னல் பிடிக்க எல்என்பி இருக்கே, போதும்லா?

சுடலை: அது சி-பேண்டுக்குள்ளது, டிவி சேட்டிலைட் அலைவரிசை, கழத்திருங்க. அந்த எடத்துல 15 சென்டிமீட்டர் அகல தகர டின்னு. அடியிலருந்து ஒம்பது சென்டிமீட்டர் தள்ளி, உள்ள அஞ்சேகால் சென்டிமீட்டர் செம்புக்கம்பி. அப்பறம் ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர்ல சொருகி ரேடியோ கேக்குத எஸ்டிஆர் குச்சி. செல்போன் டவர் பக்கத்துல இருக்கதால அந்த அலையத் தடுக்க ஃபில்டரும் வேணும், இல்லன்னா டவர் மட்டுந்தான் பேசும். மொதல்ல சூரியனுக்குத் திருப்பிப் பாருங்க. டின்னோட நெழல் குடை நடுவுல விழணும், இரைச்சல் ஏறணும். ஏறலன்னா கனெக்டர்லதான் கோளாறு.

அண்ணாச்சி: இதுக்கு மாசச் சந்தா எம்புட்டுல வாங்கலாம்?

சுடலை: சந்தாவா? வானம் ஓசி அண்ணாச்சி.

அண்ணாச்சி: அப்ப வெளங்காத தொழில்லா!