போட்டோவில் ஒரிஜினல், பார்சலில் போலி

“நூறு சதவீதம் ஒரிஜினல், ரேர், கடைசி பீஸ்.” பழைய கேம் கேசட் விற்கிறவர்கள் போடுகிற இந்த வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு அடிவயிறு எரிகிறது. நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுக் கருவிகளான சூப்பர் நிண்டெண்டோ, கேம் பாய் அட்வான்ஸ் காலத்து ஜப்பானிய ஆர்.பி.ஜி.களை, அதாவது ஒரு நாயகனாகக் கதைக்குள் புகுந்து ஆடுகிற கேம்களைச் சேர்க்கிறவன் நான். விலை தாறுமாறாக ஏறிவிட்டது, சரி, பொருள் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், ஏறத்தான் செய்யும். தபாலில் எப்போதோ வரும், கஸ்டம்ஸில் வரி போடுவார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனையும் கொடுத்து, காத்திருந்து, கையில் வாங்கிப் பார்த்தால் போலி. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கடைசியாக எனக்கு வந்தது போகிமான் எமரால்டு என்ற கேம் பாய் அட்வான்ஸ் கேம். போட்டோவில் இருந்தது அசல்தான், அதில் சந்தேகமே இல்லை. பெரிதாக்கிப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன், லேபிளின் மேல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண்கூட வெளிச்சத்தில் தெரிந்தது. பார்சலில் வந்ததில் அந்த எண் இல்லை. பச்சை பிளாஸ்டிக்கும் வெளிறிப்போய் ஏதோ மாதிரி இருந்தது. கேசட்டைத் தலைகீழாகப் பிடித்தால் பின்களுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ என்று அச்சடித்திருக்க வேண்டும், அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மூன்று கால் திருகைக் கழற்றித் திறந்தேன். அசல் எமரால்டில் கடிகாரம் ஓடுவதற்காக ஒரு சிஆர்1616 பேட்டரி இருக்கும், சிப்புகளின் மேல் எழுத்து இருக்கும், கால்களெல்லாம் வரிசை பிசகாமல் பற்றவைத்திருக்கும். இதில் பேட்டரி கிடையாது. நடுவில் ஒரு கறுப்புப் பசைக் குமிழ், பக்கத்தில் யாரோ அவசரத்தில் சிந்திவிட்டுப் போன ஈயச் சொட்டுகள்.

விற்றவருக்கு எழுதினேன். “கேம் ஓடுதுல்ல ப்ரோ, அப்புறம் என்ன?” என்று பதில் வந்தது.

ஓடும். ஆரம்பத்தில் எல்லாப் போலியும்தான் ஓடும். ஆர்.பி.ஜி. என்றாலே விட்டு விட்டு, சேவ் செய்து சேவ் செய்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடுகிற விளையாட்டு, அந்த சேவ் போய்விட்டால் அங்கே வேறு ஒன்றுமே மிச்சமில்லை. கடைசிக் கட்ட எதிரிகளான எலைட் ஃபோரை ஜெயித்து, வெற்றியைப் பதிகிற ஹால் ஆஃப் ஃபேமில் உங்கள் ஆறு போகிமான்களும் ஒவ்வொன்றாக வந்து நின்று, கேம் தானாக சேவ் ஆகிற அந்த நேரம் பார்த்து எத்தனையோ போலி எமரால்டுகள் காலை வாரிவிட்டிருக்கின்றன. மறுபடி ஆன் செய்தால் சேவ் ஃபைல் கெட்டுவிட்டது என்று வரும். சிலவற்றில் ‘1எம் சப்-சர்க்யூட் போர்டு’ பொருத்தப்படவில்லை என்று ஒரு செய்தி வந்து நிற்கும். ஒரு பிள்ளை லீவு முழுக்க உட்கார்ந்து ஆடியது அத்தோடு போச்சு.

சூப்பர் நிண்டெண்டோவின் எர்த்பவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் ஜப்பானில் மதர் 2 என்ற பெயரில் வந்து, 1995இல் அமெரிக்காவுக்குப் போன கேம். அங்கே அப்போது சரியாக விற்கவில்லை, இன்றைக்கு ஆங்கிலக் கேசட்டுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், கிராக்கி இருக்கிற இடத்தில்தான் போலியும் குவியும். கள்ள நகலைக் கண்டுபிடிக்க கேமை உருவாக்கியவர்கள் உள்ளே அடுக்கடுக்காகச் சோதனைகள் வைத்திருக்கிறார்கள். சேவ் நினைவகத்தின் அளவு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால் எச்சரிக்கைத் திரை வந்து அங்கேயே நிறுத்திவிடும். அதை நீக்கிவிட்டு மேலே போனால் வழியெல்லாம் எதிரிகள் பெருகிக்கொண்டே வருவார்கள். அதையும் சமாளித்து, கடைசியில் முதன்மை வில்லன் கீகஸோடு சண்டை போடுகிற இடம் வரைக்கும் போய்விட்டால், சண்டையின் நடுவில் கேம் உறைந்து நின்று அத்தனை சேவ் ஃபைலையும் அழித்துவிடும். இந்தச் சோதனைகளை அரைகுறையாக உடைத்த நகலை அசல் என்று நம்பி ஒருவர் காசு கொடுத்து வாங்கி, கடைசிச் சண்டை வரைக்கும் ஆடி, எல்லாவற்றையும் இழந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது? கேம் ஓடுதுல்ல என்று கேட்கிற ஆளா?

அசலுக்கும் வயதாகும், யார் இல்லை என்றது? சூப்பர் நிண்டெண்டோ கேசட்டுகளில் சேவ் ஃபைலைக் காப்பாற்றுவது ஒரு சிஆர்2032 பேட்டரி, இருபது முப்பது வருஷத்தில் அது தீரத்தான் செய்யும். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தால் இன்னும் பல வருஷத்துக்குக் கவலையில்லை. பழுது பார்க்க முடிகிற பொருள் அது. போலியில் எதைப் பழுது பார்ப்பது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூப்பர் நிண்டெண்டோ 5 வோல்ட்டில் ஓடுகிற கருவி. போலி செய்கிறவர்கள் செலவை மிச்சம் பிடிக்க 3.3 வோல்ட் சிப்பை நடுவில் எந்த ஏற்பாடும் இல்லாமல் அப்படியே வைத்துவிடுகிறார்கள், அந்தச் சுமை கன்சோலின் தலையிலும் விழுகிறது. கேசட் போனால் போகட்டும் என்றுகூட விட முடியாது.

முதலீட்டுக்காகச் சேர்க்கிறவர்கள் தனி ரகம். 2021இல் பிரிக்காத சூப்பர் மரியோ 64 கேம் ஒன்று ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனதிலிருந்து அந்தக் கூட்டம் பெருத்துவிட்டது, அவர்களுக்காக நான் பேசவில்லை. நான் கேசட்டை வாங்குவது போட்டு ஆடுவதற்கு. ஜப்பானியப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் கேசட்டின் பின்பக்கம் மார்க்கரால் தங்கள் பெயரை எழுதி வைப்பார்கள். கடைக்காரர்களுக்கு அது குறை, விலையைக் குறைத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் முதலில் பிடிக்கும். அப்படிப் பெயர் எழுதிய கேசட்டுகளைத் திரட்டி உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிற ஒரு முயற்சிகூட ஜப்பானில் நடக்கிறது. என்னிடம் இருக்கிற சூப்பர் ஃபாமிகாம் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) கேசட் ஒன்றில் பேட்டரி இன்னும் சாகவில்லை, உள்ளே யாரோ ஒரு பிள்ளை ஹிராகனா எழுத்தில் பெயர் வைத்த நாயகன், பை நிறைய மருந்தோடு ஒரு குகை வாசலில் நிற்கிறான். அதை அழிக்க எனக்கு மனசு வரவே இல்லை. நாங்கள் அசல் வேண்டும் என்று அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

ரசிகர்களின் உழைப்பைத் திருடுவது இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. எர்த்பவுண்டின் அடுத்த பாகமான மதர் 3, 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் வரவே இல்லை என்று ரசிகர்களே ஒன்றுகூடி மொத்தக் கதையையும் மொழிபெயர்த்து 2008இல் இலவசமாக வெளியிட்டார்கள், பத்துப் பைசா வாங்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பை அப்படியே கேசட்டில் ஏற்றி, பளபளவென்று ஒரு லேபிள் ஒட்டி விற்கிறார்கள். சேக்கென் டென்செட்சு 3 கதையும் இதேதான். 1995இல் ஜப்பானில் வந்த அந்த கேமுக்கு அதிகாரபூர்வ ஆங்கிலம் 2019இல்தான் கிடைத்தது, ஆனால் அதற்கு அமெரிக்க சூப்பர் நிண்டெண்டோ பெட்டியே இருந்ததுபோல முந்தைய பாகத்தின் ஆங்கிலப் பெயரை வைத்து ‘சீக்ரெட் ஆஃப் மானா 2’ என்று பெட்டி அடித்து, அதையும் ரேர் என்று எழுதி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாத பொருள் எப்படி ரேர் ஆகும்? அந்தப் போலிகளின் வெளிக்கூடும் போர்டும் பல நேரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மலிவாகக் கிடைக்கிற பழைய விளையாட்டுக் கேசட்டுகளைக் குடைந்து, லேபிளைக் கிழித்து, சிப்பைப் பிடுங்கி எடுத்தது. ஒரு போலிக்காக ஒரு அசலைக் கொல்கிறார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். அசல் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதே வருஷம் மார்ச்சில் பழைய கேம்களும் கிடைத்துவந்த 3டிஎஸ், வீ யூ என்ற தன் இரண்டு கருவிகளின் இணையக் கடையையும் நிண்டெண்டோ மூடிவிட்டது. தெரிந்தே நகல் வாங்கி ஆடுகிறவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நம்மூரில் 9999 கேம் என்று போட்ட மஞ்சள் கேசட்டில் ஆடி வளர்ந்த தலைமுறைதான் நானும், அதை யாரும் ஜப்பானிலிருந்து வந்த அசல் என்று சொல்லி நம் தலையில் கட்டவில்லை. நகலை நகல் என்று சொல்லி, நகலின் விலைக்கு விற்கட்டும். நகலைக் கொடுத்துவிட்டு அசலின் காசை வாங்குவதற்குப் பெயர் மோசடி.

ஜப்பானில் பழைய சாமான் கடைகளில் ஜங்க் என்று எழுதிய ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது ஓடலாம், ஓடாமலும் போகலாம், திருப்பி வாங்க மாட்டோம் என்பதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார்கள், விலையும் அதற்கு ஏற்றபடி இருக்கும். அங்கே போய்க் கைவிட்டு, ஓடாத கேசட்டை எடுத்து வந்தாலும் எனக்கு வருத்தம் இருக்காது, ஏனென்றால் பொய் சொல்லி யாரும் என்னிடம் விற்கவில்லை.

இப்போது என் எமரால்டு விவகாரம் விற்பனைத் தளத்தில் புகாராக நிற்கிறது. பணம் வேண்டுமென்றால் பொருளைத் திருப்பி அனுப்பு என்கிறார்கள். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? அதே போட்டோவோடு இன்னொருவர் வீட்டுக்குப் போகும். போலி என்று போர்டையே திறந்து படம் எடுத்துக் காட்டியபிறகும் அதை விற்றவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது என்ன விதி? நான் அனுப்பப் போவதில்லை. பணம் போனாலும் சரி.

விற்பனைத் தளம் நடத்துகிறவர்கள் ஒன்றே ஒன்றைச் செய்தால் போதும்: கேசட் விற்க வருகிற எல்லாரிடமும் திறந்த போர்டின் இரண்டு பக்கப் படத்தையும், அன்றைய தேதி எழுதிய சீட்டோடு, கட்டாயமாகக் கேளுங்கள். வாங்குகிறவர்களும் அந்தப் படம் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். திருகைக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. திறந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று சாக்குச் சொல்கிறவனிடம் எதையுமே வாங்காதீர்கள்.