உளறலுக்குச் சூரணம் மருந்தல்ல

"அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர் உளறினால் கார்டிசால் (உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்) ஏறிவிட்டது; அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுத்தால் தெளிந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்து.

அறுவை சிகிச்சையின்போது கார்டிசால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏறும், எல்லோரும் உளறுவதில்லை. அது ஒரு காரணியாக இருக்கலாம், அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல், சோடியம் குறைவு, தூக்க மாத்திரை, ஏன், மலச்சிக்கல்கூட இதைக் கிளப்பிவிடும். சூரணத்தால் இந்தக் குழப்பம் தீரும் என்பதற்கு நிரூபணம் இல்லை. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அது மந்தத்தைக் கூட்டவும் கூடும்.

மாலையானதும் ஆளே மாறி, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறாரா? செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். சுற்றி நடப்பது அவருக்குப் புரிய, அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள். சத்தமின்றி ஒடுங்கிக் கிடப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். அதைத்தான் பலர் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறார்கள்.