வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள்

நுண்ணிய ஊசிகளால் தோலில் குத்தும் மைக்ரோநீட்லிங் சிகிச்சையைச் செய்தால் தளர்ந்த தோல் இறுகும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் எவ்வளவு தளர்ச்சிக்கு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய சுருக்கம், பரு வடு இவற்றுக்குப் பலன் தெரியும். தாடைக்குக் கீழே தொங்கும் சதையை ஊசி தூக்கி நிறுத்தாது.

காட்பாடியில் இருக்கும் என் அக்கா தோல் மருத்துவரிடம் செய்துகொண்டார். மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி முனையை அவர் கண்ணெதிரே உறை பிரித்துக் கருவியில் மாட்டினார்கள். முடிந்ததும் கன்னமெல்லாம் செக்கச்செவேல், நெற்றியில் பொட்டுப் பொட்டாக ரத்தம். இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. ஆனால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாக மாதங்கள் ஆகும். நாலு வாரத்துக்கு ஒருமுறை என்று பல தடவை போக வேண்டும்.

நம் ஊரில் பெரிய சிக்கல் வெயில். கத்திரியில் செய்துகொண்டு, சன்ஸ்கிரீன் இல்லாமல் சத்துவாச்சாரியிலிருந்து வண்டி ஓட்டினால் மாநிறத் தோலில் கருமை படிந்துவிடும். ஐப்பசிக்கு மேல் தொடங்குவது நல்லது என்பேன். அப்புறம், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்லரில் ஊசி பதித்த ஒரே ரோலரை எல்லோர் முகத்திலும் உருட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தின் வழியே பரவும்.