ஈஈஜி நார்மல்னா வலிப்பே இல்லைன்னு ஆகாதுங்க

"ஈஈஜியில் தெரியாவிட்டால் வலிப்பு இல்லை"ன்னு கட்டுரையில் போட்டிருக்கீங்க, அது சரியில்லைங்க. ஈஈஜிங்கறது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையோட மின் அலைகளைப் பதியற சோதனை. எங்க தம்பிக்கு ஈரோட்டில் அரை மணி நேரம் எடுத்தது சுத்தமா நார்மல். கோயமுத்தூரில் மூணு நாள் படுக்க வெச்சு வீடியோ ஈஈஜி எடுத்தப்பத்தான், இடது காதுக்கு மேலே மூளையோட டெம்போரல் பகுதியில் வலிப்பு கிளம்புதுன்னு பிடிபட்டுச்சு. மாத்திரையைக் குறைச்சு, வலிப்பு வரட்டும்னு காத்திருந்தாங்க. அதுக்கே எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) டாக்டரோட சண்டை போட்டாங்க! அதுலயும் பிடிபடலைன்னா, மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு மெல்லிய மின்முனைகளை மூளையோட ஆழத்துக்கு விடறாங்க. பாரிஸில் தலைராக், பான்கோன்னு ரெண்டு டாக்டருங்க கொண்டுவந்த முறை. எந்த முனையில் அலை முதல்ல மாறுதுன்னு பார்ப்பாங்க. முனை வைக்காத இடத்தில் கிளம்பினா அதுவும் ஏமாத்திரும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகலை, எம்ஆர்ஐயில் அதே இடத்தில் தழும்பு இருந்துச்சு.