வேகவைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு

நோய் இல்லாத கோழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்கிறார்கள், அதனால் மருந்துக்கு மசியாத கிருமி பெருகுகிறது என்று முகநூலில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த ஒரு வரி மூன்று நாளாக மனசை விட்டுப் போகவில்லை. "நல்லா வேக வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடும், எதுக்கு இந்தக் கூப்பாடு?" யார் எழுதியது என்று உங்களுக்கே தெரியும். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

சரி, வேகவைத்தால் கிருமி சாகும். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? என் குழம்புச் சட்டியில் சாகிற கிருமியைப் பற்றி நான் பேசவே இல்லை. சட்டிக்கு வந்து சேராத கிருமியைப் பற்றிப் பேசுகிறேன். அது கோழியின் குடலில் இருந்து எச்சத்தோடு ஷெட்டுத் தரையில் பரப்பிய நார்த்தூளில் கலக்கிறது. எருவாக லாரி ஏறித் தோட்டத்துக்குப் போகிறது. கறி வெட்டுகிறவர் கையில் ஒட்டுகிறது. நாம் கறி கழுவும்போது தெறித்து, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தில் விழுகிறது. பச்சை வெங்காயத்தை யார் வேகவைக்கிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. மருந்துக்கு மசியாத குணத்தை ஒரு கிருமி தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. அதற்கான மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். கொலிஸ்டின் என்ற மருந்தை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு இப்படிக் கைமாறுவதை 2015-ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றிகளிடம் இருந்தது, கடையில் விற்ற பன்றி, கோழி இறைச்சியில் இருந்தது, மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடமும் இருந்தது. கொலிஸ்டின் சாதாரண மருந்து இல்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தும், வேறு எதுவும் கேட்காதபோது ஐசியூவில் வேறு வழியில்லாமல் போடுவது. அதைக் கோழிக்கும் மற்றக் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை போட்டதே 2019 ஜூலையில்தான்.

"சைவப் பிரச்சாரம்" என்று ஒருவர். ஐயா, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வாரம் எங்கள் வீட்டில் இல்லை. "மனுஷங்களே மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கி முழுங்குறாங்க, அதைக் கேளு" என்று இன்னொருவர். உண்மைதான், அதுவும் தப்புதான். அதனால் இது சரியாகிவிடுமா?

என்னை நிஜமாகவே சுட்டது, "பண்ணைக்காரன் வயித்துல அடிக்கிறா" என்ற பேச்சு.

என் சித்தப்பாவுக்குப் பல்லடம் பக்கம் கோழி ஷெட். லீவு விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், தண்ணீர், கரண்ட், பாடு எல்லாம் சித்தப்பாவுடையது. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. குஞ்சு இறங்கிய முதல் சில நாள் தண்ணீரில் ஒரு பாக்கெட் கலக்கச் சொல்வார்கள், கலப்பார். நோய் வந்து கொடுத்ததில்லை, வரக்கூடாது என்று கொடுத்தது. "இது என்ன சித்தப்பா?" என்று கேட்டால், "கம்பெனி குடுத்த மருந்து கண்ணு" என்பார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வயிற்றில் நான் அடிக்கிறேனா? தன் கையால் என்ன கலக்கிறோம் என்று அவருக்குச் சொல்லாதவர்களைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லையே.

சுவீடனில் 1986-லேயே, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் இந்த மருந்துகளைக் கலப்பதை நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-ல் நிறுத்தியது. அதனால் அங்கே கோழிப்பண்ணைத் தொழில் நின்றுவிடவில்லை. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய் இல்லாத கோழிக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல், என்ன மருந்து என்றுகூடச் சொல்லாமல் கொடுக்காதீர்கள் என்கிறேன். இது பெரிய ஆசையா?

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். 2018-ல் அப்பாவைக் கோயம்புத்தூரில் ஐசியூவில் வைத்திருந்தோம். சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், நேராக எஸ் என்றோ ஆர் என்றோ போட்டிருக்கும். எஸ் என்றால் மருந்து கேட்கும். அப்பா ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். கடைசியில் ஒரே ஒரு எஸ். சீட்டை எடுத்துக்கொண்டு சித்தப்பாதான் மருந்துக் கடைக்கு ஓடினார். வாங்கி வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொலிஸ்டின்னு போட்டிருக்குது. நம்ம குஞ்சுத் தண்ணியில கலக்குற பாக்கெட்லயும் இதே பேருதானே கண்ணு" என்றார்.

அந்த மருந்தும் அப்பாவைக் காப்பாற்றவில்லை. அவருக்கு அந்தக் கிருமி கோழியிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலேயே வந்திருக்கலாம். சித்தப்பாவிடமும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த பேட்ச் ஏற்றிவிட்டதோடு ஷெட்டைக் காலியாகப் போட்டுவிட்டார்.

அந்த வரியை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சித்தப்பாவும் முகநூலில் இருக்கிறார். இந்நேரம் படித்திருப்பார்.