‘மோடல் சோல்’ அனிமே இசைத்தொகுப்பு அல்ல

ஜப்பானிய ஹிப் ஹாப் இசையமைப்பாளர் நுஜாபேஸைப் பற்றி ஒருவர், “நுஜாபேஸின் மோடல் சோல்தான் சாமுராய் சாம்ப்ளூ தொடரின் இசைத்தொகுப்பு, எல்லாம் அவர் தனியாகச் செய்த, குரலே இல்லாத பீட்டுகள்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சாமுராய் சாம்ப்ளூ 2004-இல் வந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர். அதன் இசைத்தட்டுகள் தனி. அவற்றில் ஃபேட் ஜான், சுட்சி, ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் ஆகிய இசைக்கலைஞர்களின் உழைப்பும் உண்டு. பலரும் தேடும் ‘அருவேரியன் டான்ஸ்’ என்ற நுஜாபேஸ் பாட்டு அங்கேதான் இருக்கிறது. மோடல் சோல் 2005 நவம்பரில், நுஜாபேஸின் சொந்த நிறுவனமான ஹைட்அவுட் புரொடக்‌ஷன்ஸ் வழியாக வந்த இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம்.

குரல் இல்லையா? முதல் பாட்டு ‘ஃபெதர்’ஐப் போட்டுப் பாருங்கள். பியானோ சுழன்று வரும்போதே சைஸ் ஸ்டாரும் அகினும் ராப் பாட வந்துவிடுகிறார்கள். ‘லவ்சிக்’ மூன்றாம் பாகத்தில் ராப்பர் ஷிங்கோ டூ. அப்புறம் வேறு பாட்டுகளில் ராப்பர்கள் சப்ஸ்டான்ஷியல், பேஸ் ராக், அபானி. எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆர்டினரி ஜோ’. சிகாகோ பாடகர் டெர்ரி கேலியர் 1972-இல் வெளியிட்ட பாட்டு அது. 33 ஆண்டு கழித்து அவர் பெயரோடே ஒரு டோக்கியோ ஹிப் ஹாப் ஆல்பத்தில் வருகிறது. எவ்வளவு பெரிய மரியாதை! ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டில் இசைக்கலைஞர் உயாமா ஹிரோட்டோ இருக்கிறார். அவரை விட்டுவிட்டு ‘தனியாக’ என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, விருந்தினர் இல்லாத பாட்டுகளும் உண்டு, ‘ரிஃப்ளெக்‌ஷன் எடர்னல்’ மாதிரி. ஆனால் மொத்தமுள்ள 14 பாட்டுகளில் பாதி விருந்தினர்களோடு செய்தவை. தயவுசெய்து அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.