'ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்' டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் ஊழலைச் சொல்லும் எலியா கஸானின் 'ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்' (1954) படம் என்றதும் எல்லோரும் நாயகன் மார்லன் பிராண்டோ டாக்ஸிக்குள் பேசும் காட்சியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் உயிர் விடியற்காலையில் துறைமுக வாசலில் வேலைக்கு ஆள் எடுக்கும் காட்சி. அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் டிஸ்க்கில் எந்தத் திரை விகிதத்தை (உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு என்பதை) போடுகிறோம் என்பது முக்கியம்.

2013-ல் கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் கொண்டுவந்த ப்ளூரேவில் இரண்டு டிஸ்க். முதலாவதில் படம் 1.66 விகிதத்தில், இரண்டாவதில் 1.85, 1.33 இரண்டும். ஒரே படத்துக்கு மூன்று வடிவம் எதற்கு? 1953-ல் அகலத்திரை அலை அடித்தபோது, நெகட்டிவில் பழையபடி சதுரத்துக்கு நெருங்கிய பிம்பம்தான் பதிவானது. தியேட்டரில் புரொஜெக்டருக்குள் ஒரு தகட்டைச் செருகி மேலும் கீழும் மறைத்து அகலமாக்கினார்கள். எந்தத் தகடு என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறியது. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் எந்தத் தகட்டுக்கும் தாங்கும்படி சட்டகம் வைக்க வேண்டியிருந்தது.

1.33 தான் முழுப்படம், மற்றதெல்லாம் வெட்டியது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அதில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் தலைக்கு மேலே காலி இடம். ஆள் மேல் ஆள் விழும் நெருக்கடி தளர்ந்துபோகிறது. 1.85 டாக்ஸிக்குள் நன்றாகப் பொருந்துகிறது, கூட்டக் காட்சிகளில் மூச்சு முட்டுகிறது. முதல்முறை பார்ப்பவர்கள் 1.66 போடுங்கள்.

டிவியில் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு கணக்கு: 1920 × 1080 திரையில் 1.66 என்றால் இடமும் வலமும் சுமார் 64 பிக்சல் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். 1.33 என்றால் பக்கத்துக்கு 240. 1.85 என்றால் மேலும் கீழும் சுமார் 21. 1.66-ல் பட்டையே தெரியவில்லையென்றால் டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைத் தின்கிறது; டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போடுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிமின் மணித்துகள் போய் முகங்கள் மெழுகாகிவிடும். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' ஆக இல்லையென்றால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூசிக்கொள்ளும். கறுப்பு சாம்பலாக வெளிறினாலோ, நிழலில் எதுவுமே தெரியாமல் அடைத்துக்கொண்டாலோ, பிளேயரும் டிவியும் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' அமைப்பில் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்; இரண்டிலும் ஒன்றாக வையுங்கள். ஒலிக்கு மோனோ டிராக்.

வாங்குமுன் இன்னொன்று. ப்ளூரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று ரீஜனாகப் பிரிக்கிறது; இந்த டிஸ்க் ரீஜன் ஏ. சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் அப்படியே ஓடும். இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி, இங்கிலாந்து பி. அங்கெல்லாம் ரீஜன் ஃப்ரீ பிளேயர் வேண்டும்.

இனி அந்த ஆள் எடுக்கும் காட்சி. 'ஷேப்-அப்' என்பார்கள். தினமும் தொழிலாளர்கள் வாசலில் கூடுவார்கள். மேஸ்திரி கை காட்டியவனுக்குத்தான் அன்றைக்குச் சம்பளம். கூலியில் பங்கு தரத் தயார் என்பதற்கு அடையாளமாகக் காதில் பல்குச்சி செருகி நிற்பது நியூயார்க் துறைமுகத்தில் நடந்த வழக்கம். 1948-ல் 'நியூயார்க் சன்' பத்திரிகையில் மால்கம் ஜான்சன் எழுதிய தொடர் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. 1949-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஹட்சனின் எதிர்க்கரையான ஹோபோகனில், நிஜமான குளிரில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே, 1953 டிசம்பரில், ஷேப்-அப் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

படத்தின் மேல் எனக்குள்ள சண்டை இங்கேதான். தேவாலய நிலவறையில் ஒரு கூட்டம் நடக்கிறது, அதையும் சங்கத் தலைவனின் அடியாட்கள் கலைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லாமே பிராண்டோவின் பாத்திரம் ஒருவன் சங்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வதில் வந்து நிற்கிறது. கதை எழுதிய பட் ஷூல்பெர்க் 1951-லும் கஸான் 1952-லும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர்கள். சாட்சி சொல்பவனே வீரன் என்று படம் அழுத்துவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிஜத்தில் துறைமுகத்தை உலுக்கியது தனி ஒருவன் அல்ல. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் நிஜத் தலைவர் ஜோசப் ரயன் ஒப்புக்கொண்ட ஊதிய ஒப்பந்தத்தை எதிர்த்து 1951-ல் தொழிலாளர்களே 25 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படத்தில் அதற்கு இடமே இல்லை. 1953-ல் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு அந்தச் சங்கத்தை வெளியேற்றிப் போட்டிச் சங்கம் தொடங்கியது. ரயனும் பதவி இழந்தார். ஆனால் 1954 வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் நூலிழையில் பழைய சங்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஊழலை வெறுத்தவர்களுக்கும் சங்கம் தேவைப்பட்டது. அந்தச் சிக்கலை எழுதியிருந்தால் இதைவிடப் பெரிய படமாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிஸ்க்கின் கூடுதல் பகுதிகளில், இந்தத் துறைமுக வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் டி. ஃபிஷரின் நேர்காணலைத் தவறவிடாதீர்கள். படம் முடிந்ததும் முதலில் அதைப் போடுங்கள். பிராண்டோ பற்றிய புகழுரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.